முன்பணத்துக்கு முன்னால்

தமிழ்நாட்டில் வீடு வாங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில்தான் போகிறார்கள். வீட்டைப் பார்க்கிறார்கள், பிடித்துப்போகிறது, விலை பேசி முடிக்கிறார்கள், அடுத்து வரும் நல்ல நாளில் வெற்றிலை பாக்கு வைத்து அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பத்திர நகல் வக்கீல் கைக்குப் போவது அதற்குப் பிறகுதான். விற்கிறவர்களும் அப்படித்தான். பட்டா இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கிறது, கட்டிக்கொடுத்த தங்கையின் கையெழுத்து வேண்டியிருக்கிறது, வரி இவ்வளவு வருகிறது என்பதெல்லாம் அட்வான்ஸை வாங்கிச் செலவழிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரியவருகிறது.

வீட்டு வியாபாரத்தில் சொல்லத்தக்க யோசனைகள் ஏராளம். அவற்றில் முக்கால்வாசி, பணம் கைமாறும் முன் செய்தால்தான் பலன் தரும். கொடுத்த பிறகு வாங்குகிறவருக்குக் கேள்வி கேட்கும் தைரியம் குறைகிறது. வாங்கிய பிறகு விற்கிறவருக்குக் காகிதங்களைச் சரிசெய்யும் அவகாசம் குறைகிறது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதை வலியுறுத்தவே, இங்குள்ள சந்தையின் நடைமுறைகளை ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையைக் களைய வேண்டும். “ரெஜிஸ்டர் ஆகிவிட்டது, இனி கவலையில்லை” என்கிறார்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் பதிவது ஆவணத்தைத்தான். விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை உண்டு என்று அவர் தீர்ப்பளிப்பதில்லை. சொத்தின் உரிமைக்கு அரசு உத்தரவாதம் தரும் முறை நம்மிடம் இல்லை. இருபது வருடம் கழித்து ஒருவர் வழக்குப் போட்டால், பதிவு அலுவலக முத்திரை மட்டும் வீட்டைக் காப்பாற்றாது. அந்த உரிமை யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில் வந்தது என்ற சங்கிலிதான் காப்பாற்றும்.

சங்கிலியைப் பார்க்கும் கருவி வில்லங்கச் சான்று. பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே எடுக்கலாம். எடுப்பது எளிது, படிப்பதுதான் பலருக்கும் தெரியவில்லை. தாம்பரத்துக்கு அப்பால் ஒரு தனி வீடு. அதன் வில்லங்கத்தில் நான்கு பதிவுகள் மட்டுமே இருப்பதாக வைத்துக்கொள்வோம். 1988இல் ஒருவர் மனையைக் கிரயம் வாங்குகிறார். 1999இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அடமானம் வைக்கிறார். 2011இல் மூத்த மகனுக்குத் தான செட்டில்மென்ட் எழுதுகிறார். 2016இல் அந்த மகன் இப்போது விற்பவருக்குக் கிரயம் செய்கிறார். பார்வைக்குச் சுத்தமான சான்று. ஆனாலும் இதில் கேட்க வேண்டியவை உண்டு. 1999 அடமானத்துக்கு ரசீதுப் பத்திரம் எங்கே? கடன் அடைந்திருக்கலாம், அடைந்ததாகப் பதிவாகாதவரை வில்லங்கத்தில் அது நின்றுகொண்டே இருக்கும், உங்களுக்குக் கடன் தரும் வங்கி அதைக் கேட்கும். அடுத்து 2011. 1988 கிரயம் அப்பாவின் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது என்றால் அவர் விரும்பியவருக்குக் கொடுக்கலாம். பூர்வீகச் சொத்தின் வருமானத்தில் மனையை வாங்கியிருந்தால் நிலைமை வேறு. மகள்களுக்கும் அதில் பங்கு உண்டு. தமிழ்நாடு 1989இலேயே, திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம உரிமை தந்தது. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் திருமணமான மகள்களையும் சேர்த்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. “அக்காவுக்கு நகை போட்டு அனுப்பிவிட்டோம்” என்ற குடும்பப் பேச்சுக்குச் சட்டத்தில் இடமில்லை. அக்கா விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்திருக்க வேண்டும், அல்லது கிரயத்தில் அவரும் கையெழுத்திட வேண்டும்.

செட்டில்மென்ட்டில் இன்னொன்றும் உண்டு. பெற்றோரைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதப்பட்ட சொத்தை, பிள்ளை கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி தீர்ப்பாயம் செல்லாததாக்கலாம். ஆகவே செட்டில்மென்ட் பத்திரத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்க வேண்டும். எழுதிக்கொடுத்த பெரியவர் உயிரோடு இருந்தால் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருவதும் நல்லது. வாரிசுகளில் மைனர் இருந்தால் நீதிமன்ற அனுமதி இல்லாமல் அவர் பங்கை வாங்கக் கூடாது. பதினெட்டு வயதான பின் மூன்று வருடத்துக்குள் அவர் அந்தக் கிரயத்தை எதிர்த்து வழக்குப் போடலாம்.

வில்லங்கச் சான்றில் தென்படாதவையும் நிறைய. பத்திரத்தை ஒப்படைத்து வாங்கிய கடன் பதிவாகாமல் இருந்தால் அது வராது. பதிவாகாத உயில் வராது. நிலுவையில் உள்ள வழக்கும் பெரும்பாலும் வராது. ஆகவே மூலப் பத்திரங்களை அசலாகக் கண்ணால் பார்க்க வேண்டும். “நகல்தான் இருக்கிறது, அசல் தொலைந்துவிட்டது” என்றால், எங்கே அடமானத்தில் இருக்கிறது என்ற சந்தேகத்தோடுதான் மேலே பேச வேண்டும். சர்வே எண்ணிலும் கவனம் தேவை. பழைய பத்திரத்தில் ஓர் எண் இருக்கும். நகர அளவைக்குப் பிறகு வேறு எண் வந்திருக்கும். ஓர் எண்ணில் மட்டும் தேடினால் மறு எண்ணில் பதிவான அடமானம் கண்ணில் படாமலே போகும். இரண்டிலும் எடுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் பாருங்கள். மதுரைப் பக்கமும் தெற்கிலும் ஒத்திக்கு வீடு விடுவது சாதாரணம். சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பவர், அந்தப் பணம் திரும்பாமல் வெளியேற மாட்டார். அது பதிவாகாத ஒத்தியாகவும் இருக்கலாம். குடியிருப்பவரிடம் நேரில் பேசி, எந்த அடிப்படையில் இருக்கிறார் என்று கேட்டுக்கொள்வது வாங்குகிறவரின் கடமை என்றே சட்டமும் கருதுகிறது.

அடுத்து பட்டா. பட்டா உரிமைப் பத்திரமாகாது, வருவாய்த்துறைக் கணக்குதான். ஆனாலும் பத்திரமும் பட்டாவும் ஒத்துப்போகாத சொத்தை விற்பதும் வாங்குவதும் தலைவலி. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது மக்கள் யுடிஆர் என்று சொல்லும் கணக்கெடுப்பில், பெயர்களும் பரப்பளவும் பல ஊர்களில் தவறாக ஏறின. அன்று ஏறிய பிழையை இன்றும் குடும்பங்கள் திருத்திக்கொண்டிருக்கின்றன. விற்க நினைப்பவர் முதலில் செய்ய வேண்டிய காரியம் இணையத்தில் தன் பட்டாவையும் புலப்படத்தையும் எடுத்துப் பார்ப்பது. பெயர், உட்பிரிவு, பரப்பளவு மூன்றும் பத்திரத்தோடு பொருந்தாவிட்டால் விலை பேசும் முன்பே திருத்தத்துக்கு மனுப் போட்டுவிட வேண்டும். அட்வான்ஸ் வாங்கியபின் அந்த வேலையைத் தொடங்கினால் ஒப்பந்தக் காலம் அதிலேயே கரைந்துபோகும்.

நிலத்தின் வகையும் முக்கியம். புறம்போக்கு, நீர்நிலை, கோயில் நிலம், வக்பு சொத்து, 1892க்குப் பின் ஒடுக்கப்பட்டோருக்கென ஆங்கில அரசு ஒதுக்கிய பஞ்சமி நிலம் ஆகியவற்றின் மேல் வீடு எழும்பி, வீட்டு வரி ரசீதும் மின் இணைப்பும் கூட வந்திருக்கலாம். ரசீதுகள் உரிமை தராது. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டில் நிலம் என்னவாக இருக்கிறது என்று கேட்க வேண்டும். பஞ்சமி நிலத்தை வெளியாருக்கு மாற்றக் கூடாது என்பது அதை ஒதுக்கியபோதே விதித்த நிபந்தனை. மலிவாகக் கிடைக்கிறது என்று அதை வாங்குகிறவர், ஏற்கெனவே ஒருமுறை பறிகொடுத்த குடும்பத்தின் நிலத்தில் கை வைக்கிறார். அந்த வியாபாரத்திலிருந்து விலகி நிற்பதே நேர்மை.

மனைப்பிரிவுக்கு அனுமதி உண்டா என்பதும் இதோடு சேர்ந்த கேள்வி. 2016இல் உயர் நீதிமன்றத் தடையும் அதையொட்டி வந்த சட்ட மாற்றமும் அனுமதியற்ற மனைகளின் பதிவை நிறுத்தின. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்போ பதிவான மனைகளுக்கு மட்டும் 2017 விதிகளின்படி வரன்முறை வாய்ப்புத் தரப்பட்டது. பழைய பஞ்சாயத்து அப்ரூவல் மனையில் உள்ள வீடு என்றால் வரன்முறை ஆணையைக் கேளுங்கள். இல்லையென்றால் பதிவிலும் கடனிலும் பின்னால் நீங்கள் விற்கும்போதும் சிக்கல் வரும்.

டேப்பை எடுத்து அளப்பதைப் பலர் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி. பத்திரத்தில் ஒரு கிரவுண்டு இருந்து, காம்பவுண்டுக்குள் நூறு சதுர அடி குறைந்தால், சதுர அடி 5,000 ரூபாய் விலையில் அது 5 லட்சம். நான்கு எல்லைகளும் பத்திரத்தில் எழுதியபடி இருக்கின்றனவா என்று பக்கத்து வீட்டாரோடு சேர்ந்தே பார்த்துவிட்டால், அளவோடு அக்கம்பக்கத்து உறவும் தெரிந்துவிடும்.

பிளாட் வாங்குகிறவர் பார்க்க வேண்டிய கணக்கு வேறு. விளம்பரத்தில் வரும் 1,200 சதுர அடியில் படிக்கட்டும் லிஃப்டும் நடைபாதையும் கலந்திருக்கும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டத்துக்குப் பிறகு புதிய திட்டங்களில் சுவருக்குள் புழங்கும் பரப்பைத்தான் சொல்ல வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையிலோ எட்டுக்கு மேற்பட்ட வீடுகளோடோ வரும் திட்டம் ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். விற்பனை ஒப்பந்தம் பதிவாகும் முன் பில்டர் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது. ஒப்படைத்த பிறகு ஐந்து வருடம் கட்டுமானக் குறைகளுக்கு அவரே பொறுப்பு. பழைய பிளாட்டுக்கு இந்தப் பாதுகாப்புகள் கிடையாது. அங்கே பார்க்க வேண்டியது பிரிபடாத மனைப் பங்கு. ஒரே தெருவில் ஒரே அளவுள்ள இரண்டு பிளாட்டுகளில் ஒன்றுக்கு 600 சதுர அடி பங்கும் மற்றொன்றுக்கு 350 சதுர அடியும் இருக்கலாம். கட்டடத்துக்கு வயதாக ஆக, மதிப்பு அந்தப் பங்கில்தான் தங்குகிறது. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சொல்வதால், முப்பது நாற்பது வயதுக் கட்டடங்களில் இந்த எண் இன்னும் கனம் பெறுகிறது. அனுமதி வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் மூன்று மாடி, நேரில் நான்கு என்றால் அந்த நான்காவது மாடி வீட்டுக்கு எந்த விலையும் அதிகம்தான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தச் சந்தையைப் பேச முடியாது. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வேளச்சேரியும் மூழ்கின. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டு, சென்னை லாரிக்குக் காத்து நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணைச் சுற்றுப்புறம் மறுபடி நீரில் நின்றது. வீட்டைப் பார்க்கப் போகும்போது இந்த மூன்று காலத்தையும் தனித்தனியே கேட்க வேண்டும். விற்பவரிடம் கேட்டால் போதாது. தெருமுனை மளிகைக் கடையிலும், பக்கத்தில் இஸ்திரி போடுபவரிடமும் கேட்டால் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று கையால் காட்டுவார்கள். காம்பவுண்டுச் சுவரின் உட்புறத்தில் கறைக்கோடும், புதிதாகப் பூசிய கீழ்ப்பகுதியும் நிறையச் சொல்லும். போர்த் தண்ணீரை வாயில் ஊற்றிப் பாருங்கள். குளியலறைக் குழாயில் உப்புப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் ஒருமுறை மழை பெய்யும்போதே போய்ப் பாருங்கள்.

இனி விலை. இணைய விளம்பரங்களில் இருப்பது கேட்கும் விலை. அதே தெருவில் கடைசியாக முடிந்த கிரயம் எவ்வளவு என்பதை அங்கே குடியிருப்பவர்களிடமும் இரண்டு மூன்று புரோக்கர்களிடமும் தனித்தனியாகக் கேட்டுத்தான் அறிய முடியும். தனி வீட்டுக்கு மனை விலையோடு, கட்டடத்தின் வயதுக்கேற்பக் கழித்த மதிப்பைக் கூட்டுவது நடைமுறை. தேக்கு நிலைக்கும் கிரானைட்டுக்கும் பூஜை அறைக் கதவுக்கும் செலவழித்த தொகை அப்படியே திரும்பி வராது. விற்கிறவர்களுக்கு இதை ஏற்பது கடினம், அந்த வீட்டில் அவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிடிவாதத்தால் ஒரு வருடம் விலைபோகாமல் கிடக்கும் வீட்டைப் பற்றிச் சந்தையே சந்தேகிக்கத் தொடங்கும். கடைசியில் முதலில் வந்தவர் கேட்ட விலையைவிடவும் குறைத்துக் கொடுக்க நேரும். புரோக்கர் கமிஷன் வழக்கமாக இரு தரப்பிலும் ஆளுக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம். எவ்வளவு, எப்போது என்பதை முதலிலேயே பேசிவிட்டுப் பதிவன்று கொடுப்பது நல்லது.

வாங்குகிறவர் விலைக்கு மேல் எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடாமல் இறங்குகிறார். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை ஏழு சதவீதம், பதிவுக் கட்டணம் 2023 முதல் இரண்டு சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதன்மேல் இது கணக்காகும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம்வரையான வீட்டுக்கடனில் வங்கி வீட்டு மதிப்பில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பதிவுச் செலவையும் மதிப்பில் சேர்க்காது. 60 லட்ச ரூபாய் வீட்டுக்குக் கையிலிருந்து 12 லட்சமும், பதிவுக்கு 5 லட்சத்து 40 ஆயிரமும், வக்கீல், கமிஷன், சில்லறை வேலைகளுக்கு இன்னும் ஒன்றிரண்டு லட்சமும் ஆக ஏறத்தாழ 19 லட்சம் வேண்டும்.

இங்கேதான் கறுப்புப் பணப் பேச்சு நுழைகிறது. “பத்திரத்தில் 50 காட்டலாம், மீதி கேஷ்” என்பது சந்தையில் சர்வசாதாரணமாகக் கேட்கும் வாக்கியம். இதை ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம். வங்கி 50க்குத்தான் கடன் தரும். பின்னால் நீங்கள் விற்கும்போது வாங்கிய விலை 50 என்றே கணக்காகி, வராத லாபத்துக்கும் வரி கட்டுவீர்கள். சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி விதிமீறல். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். கிரயம் ஏதோ காரணத்தால் முறிந்தால் அந்த ரொக்கத்துக்குச் சாட்சியும் இருக்காது.

ஒப்பந்தத்துக்கு வருவோம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். பலர் வெறும் பத்திரத் தாளில் எழுதிக் கையெழுத்திட்டு முடித்துக்கொள்கிறார்கள். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும், விற்பவர் அதே வீட்டை இன்னொருவருக்கு எளிதில் பேச முடியாது. விற்பவருக்கும் எச்சரிக்கை வேண்டும். வாங்குவதாகச் சொன்னவர் பணம் புரட்ட முடியாமல் விலகினால், ரத்துப் பத்திரம் பதிவாகும்வரை வீடு கட்டுண்டு கிடக்கும். ஆகவே எத்தனை மாதம், கடன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், விற்பவர் பின்வாங்கினால் என்ன தருவார், வாரிசுச் சான்றோ பட்டாவோ வாங்கித் தருவது யார் பொறுப்பு, ரத்துக்கு யார் எப்போது கையெழுத்திடுவார் என்பதை வரிவரியாக எழுத வேண்டும். அட்வான்ஸ் தொகையை ஐந்து அல்லது பத்து சதவீதத்துக்குள் நிறுத்துவது இருவருக்கும் நல்லது.

பவர் ஏஜென்ட் மூலம் விற்கிறார்கள் என்றால் கூடுதல் கவனம். பவர் பத்திரத்தாலும் ஒப்பந்தத்தாலும் மட்டும் சொத்துரிமை மாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சூரஜ் லாம்ப் வழக்கில் தெளிவாகச் சொன்னது. பவர் கொடுத்தவர் இறந்தால் சாதாரண பவர் அன்றே முடிகிறது. அவர் உயிரோடு இருக்கிறாரா, ரத்து செய்திருக்கிறாரா என்று பதிவன்றும் உறுதி செய்ய வேண்டும்.

விற்பவரின் வரிக் கணக்கு தனிப் பாடம். 2024 ஜூலை 23 முதல், இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்த வீட்டின் லாபத்துக்கு 12.5 சதவீத வரி, பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. அந்தத் தேதிக்கு முன் வாங்கியிருந்தால், இந்தியாவில் வசிக்கும் தனிநபர் பழைய முறைப்படி சரிக்கட்டி 20 சதவீதம் கணக்கிட்டு, குறைவானதைக் கட்டலாம். 2004-05இல் 12 லட்சத்துக்கு வாங்கிய வீட்டை 2025-26இல் 80 லட்சத்துக்கு விற்றால் புதிய முறையில் வரி 8.5 லட்சம். பழைய முறையில் வாங்கிய விலை ஏறத்தாழ 40 லட்சமாக உயர்ந்து, வரி 8 லட்சம் அளவில் நிற்கும். வித்தியாசம் சொத்துக்குச் சொத்து மாறும் என்பதால் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். லாபத்தில் வேறொரு வீட்டை இரண்டு வருடத்துக்குள் வாங்கினாலோ மூன்று வருடத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. அதுவரை பணத்தைச் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் விட்டுவைக்காமல், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன லாபக் கணக்கில் போட வேண்டும். இதைத் தெரியாமல் விலக்கை இழந்தவர்கள் அநேகர்.

விலை 50 லட்சமோ அதற்கு மேலோ ஆனால் வாங்குகிறவர் முழுத் தொகையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து வரித்துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ அமெரிக்காவிலோ வசிப்பவர் என்றால் இந்த ஒரு சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பலமடங்கு. குறைந்த பிடித்தத்துக்கு அவர் முன்கூட்டியே வரித்துறையிடம் சான்று வாங்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும் என்பதால், அங்கிருந்து பவர் அனுப்பும் முன்பே இதைத் தொடங்குவது நல்லது.

வீட்டின்மேல் கடன் இருந்தால் மறைக்கத் தேவையில்லை. பாக்கித் தொகைக்கு வங்கியிடம் கடிதம் வாங்கி வாங்குகிறவரிடமே காட்டினால் நம்பிக்கை கூடும். அவருடைய வங்கி நேராகப் பழைய கடனை அடைத்துப் பத்திரங்களை வாங்கிக்கொள்ளும். கடன் முடிந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

பதிவுக்கு முந்தைய நாள் கிரயப் பத்திர வரைவை வாங்கி, சொத்து விவரப் பகுதியை மட்டும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பழைய பத்திரத்தைப் பார்க்க, மற்றவர் புதியதைப் படிக்கட்டும். சர்வே எண்ணில் ஓர் இலக்கம், வடக்குக்குப் பதில் தெற்கு, பெயரில் ஓர் இனிஷியல் தவறினாலும் பிழைத்திருத்தப் பத்திரத்துக்கு விற்றவரை மறுபடி அலுவலகத்துக்கு அழைக்க வேண்டும். அதற்குள் அவர் ஊர் மாறியிருக்கலாம், இறந்துபோயிருக்கலாம். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் தருகிறார்கள், கூட்டமும் அதிகம். அந்த நெரிசலில் படித்துப் பார்க்க நேரமிருக்காது. மீதிப் பணம் டிடியாகவோ வங்கி மாற்றமாகவோ, அதன் எண்ணும் தேதியும் பத்திரத்தில் ஏறியபடி போகட்டும். பதிவான சில நாளில் மீண்டும் ஒரு வில்லங்கம் எடுத்து உங்கள் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். உட்பிரிவு தேவைப்படாத சொத்துக்குப் பட்டா தானாக மாறும் என்பார்கள். மாறியதா என்று இணையத்தில் பார்க்கும்வரை விட்டுவிடாதீர்கள். அதன் பிறகு மின் இணைப்பு, சொத்து வரி, குடிநீர் வரி மூன்றிலும் பெயரை மாற்றிக்கொண்டு, அசல் பத்திரங்கள் அத்தனையும் கைக்கு வந்தனவா என்று பட்டியலிட்டு விற்றவரின் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.